ஒழுக்கத்தை அளக்கும் கோல் யார் கையில்?

(செங்கல்பட்டில் தோழர்களிடையே ஆற்றிய உரை)



குடியுரிமை பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், ‘அது வழக்கறிஞர்களுக்குரிய பொருளாயிற்றே, நமக்கு அதிலே என்ன வேலை?’ என்று தோழர்கள் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதிலே வியப்பில்லை. மூச்சு விடுகிறவன் காற்றைப் பற்றி நினைப்பதில்லை. மூச்சுத் திணறும்போதுதான் காற்றின் அருமை தெரிகிறது. குடியுரிமையும் அப்படித்தான். இருப்பவனுக்கு அது கண்ணுக்குத் தெரியாத பொருள். இல்லாதவனுக்கோ அதுவே உயிர்.

இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி ஒன்றே ஒன்று. பிற நாட்டிலே பிறந்த ஒருவர் ஒரு நாட்டுக்கு வருகிறார், ஆண்டுக் கணக்கிலே வாழ்கிறார், உழைக்கிறார், வரி செலுத்துகிறார், விண்ணப்பம் போட்டு, விசாரணைக்கு உட்பட்டு, உறுதிமொழி எடுத்து, குடியுரிமைச் சான்றிதழ் பெறுகிறார். பத்தாண்டுகள் கழித்து அரசாங்கம் அவரை அழைத்து, ‘நீர் நல்லொழுக்கம் உடையவரல்லர், ஆகவே நீர் எம் குடிமகனும் அல்லர், சான்றிதழைத் திருப்பிக் கொடும்’ என்று கூறுகிறது. அப்படிக் கூற அரசுக்கு உரிமை உண்டா? உண்டென்றால் எதுவரை? இதுதான் கேள்வி.

கற்பனையாகக் கேட்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்க நாட்டிலே ‘நல்லொழுக்கம்’ என்பது குடியுரிமை பெறுவதற்குரிய நிபந்தனை. சான்றிதழ் பெறுவதற்கு முன்பே ஒருவர் குற்றம் செய்திருந்து, அது பின்னாளில் வெளிப்பட்டால், ‘அன்றைக்கே உம்மிடம் நல்லொழுக்கம் இல்லை, ஆகவே சான்றிதழ் சட்டப்படி பெறப்பட்டதன்று’ என்று வழக்குத் தொடுத்து, குடியுரிமையை நீக்கக் கோருகிறது அந்நாட்டு அரசு. 2025 ஜூன் மாதம், இத்தகைய வழக்குகளுக்கு முதன்மை கொடுங்கள் என்று அந்நாட்டு நீதித்துறை தன் வழக்கறிஞர்களுக்கு ஆணையிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டிலே, குடியுரிமை வழங்கும் அதிகாரிகளுக்கு இன்னோர் அறிவுரை போயிற்று. குற்றம் இல்லாமை மட்டும் போதாது, நற்பண்புகள் இருக்கின்றனவா என்றும் நிறுத்துப் பாருங்கள் என்பது அதன் சாரம். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே குடியேறியிருக்கிறார்கள்! அவர்களுடைய பண்பு தராசுத் தட்டிலே ஏறுகிறது. தராசைப் பிடித்திருப்பவர் ஓர் அதிகாரி.

இந்தியாவிலே நிலைமை என்ன? 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் மூன்றாம் அட்டவணை, வெளிநாட்டார் குடியுரிமை பெறுவதற்கான தகுதிகளை வரிசைப்படுத்துகிறது. இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். எட்டாம் அட்டவணை மொழிகளிலே ஒன்றைப் போதிய அளவு அறிந்திருக்க வேண்டும். பழைய நாட்டின் குடியுரிமையைத் துறக்க வேண்டும். இவற்றோடு, அவர் ‘நல்லொழுக்கம் உடையவராக’ இருக்க வேண்டும். நல்லொழுக்கம் என்றால் என்ன? சட்டம் அதற்கு இலக்கணம் கூறவில்லை. வாழ்ந்த ஆண்டுகளை எண்ணலாம், மொழியறிவைச் சோதிக்கலாம், ஒழுக்கத்தை எந்தக் கோல் கொண்டு அளப்பது?

கொடுத்ததைத் திரும்ப எடுக்கும் வழியை அதே சட்டத்தின் பத்தாம் பிரிவு சொல்கிறது. மோசடியாலோ, பொய்யாலோ, முக்கியமான செய்தியை மறைத்தோ பெற்றிருந்தால் பறிக்கலாம். அரசியல் சட்டத்தின்பால் பற்றில்லாதவர் என்பதைச் செயலாலோ சொல்லாலோ காட்டியிருந்தால் பறிக்கலாம். போர்க்காலத்தில் பகைநாட்டோடு வாணிபம் செய்திருந்தால் பறிக்கலாம். குடியுரிமை பெற்ற ஐந்தாண்டுகளுக்குள், எந்த நாட்டிலாயினும், இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றால் பறிக்கலாம். சில விலக்குகள் நீங்கலாக, தொடர்ந்து ஏழாண்டுகள் வெளிநாட்டிலே தங்கியிருந்தாலும் பறிக்கலாம். ‘ஒழுக்கக் கேடு’ என்ற சொல் அந்தப் பட்டியலிலே இல்லை என்று அமைதியடைய வேண்டாம். வாசலில் அது நிபந்தனையாக நிற்கிறது. ஆகவே ‘உண்மையை மறைத்தீர்’ என்ற கதவு வழியாகவும், ‘தண்டனை பெற்றீர்’ என்ற கதவு வழியாகவும் அது உள்ளே நுழைய முடியும்.

எதிர்த் தரப்பின் வாதத்தையும் நேர்மையோடு கேட்போம். ‘பொய் சொல்லி வாங்கிய பொருளைத் திரும்பப் பெறக்கூடாதா? கொலைபாதகன் ஒருவன் தன் வரலாற்றை மறைத்துக் குடிமகனாகிவிட்டால், அவனைப் பாதுகாக்க வேண்டுமா?’ என்கிறார்கள். நியாயமான கேள்வி. பெடோரெங்கோ என்பவன் நாஜிகளின் திரெப்ளிங்கா கொலைக்களத்திலே காவலனாக இருந்தவன். அதை மறைத்து அமெரிக்காவுக்குள் நுழைந்தான். 1970இல் அந்நாட்டுக் குடிமகனானான். 1981இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவன் குடியுரிமையை நீக்கியது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். பொய்யின் மேல் எழுப்பிய வீடு இடிந்தால் அழுவார் யார்?

நம் நாட்டிலும் ஒரு வழக்கு நடந்தது. சென்னமனேனி ரமேஷ் என்பவர் ஜெர்மன் குடிமகனாக இருந்தவர். 2009இல் இந்தியக் குடியுரிமை பெற்று, அந்த ஆண்டே வேமுலவாடா தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார். விண்ணப்பத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களும் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி; இடையில் வெளிநாடு சென்றதை அவர் மறைத்தார் என்பது குற்றச்சாட்டு. 2017இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவர் குடியுரிமையை நீக்கியது. 2019 ஜூலையில் தெலங்கானா உயர்நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கி, ‘செய்தியை மறைத்தார் என்பது மட்டும் போதாது, இவர் குடிமகனாகத் தொடர்வது பொதுநலத்துக்குக் கேடா என்பதையும் தனியே ஆராய வேண்டும்’ என்று திருப்பியனுப்பியது. 2019 நவம்பரில் அமைச்சகம் மீண்டும் நீக்கியது. 2024 டிசம்பரிலே, அவர் ஜெர்மன் குடிமகனே என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, 30 இலட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது.

அந்த அரசியல்வாதியின்பால் நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த வழக்கிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. நான்கு முறை தேர்தலில் வென்ற செல்வாக்கு மிக்க ஒருவர், பெரிய வழக்கறிஞர்களைத் துணைக்கொண்டு, ஆண்டுக் கணக்கில் நீதிமன்றப் படியேறித் தம் வாதத்தை வைக்க முடிந்தது. கூலித் தொழிலாளி ஒருவன் அந்தப் படியை எப்படி ஏறுவான்? சட்டப்படி அவனுக்கு ஓர் அறிவிப்பு வரும். அவன் கேட்டால் மூவர் கொண்ட விசாரணைக் குழு ஒன்று அமையும். அந்த மூவரை நியமிப்பது மத்திய அரசு. அறிக்கையைப் பெறுவதும் மத்திய அரசு. ஆணை பிறப்பிப்பதும் மத்திய அரசே. வழக்குத் தொடுப்பவரே தீர்ப்பும் எழுதுகிறார்!

ஆகவே, மோசடி வேறு, ஒழுக்கம் வேறு என்று பிரித்துப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மோசடி என்பது நடந்ததா இல்லையா என்று சான்று கொண்டு மெய்ப்பிக்கக்கூடிய செயல். ஒழுக்கம் என்பதோ, ஆள்வோர் கண்ணுக்கு எது பிடிக்கிறது என்பதைப் பொறுத்து மாறும் மதிப்பீடு. அந்த மதிப்பீட்டை அரசின் கையிலே கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அறிய நாம் கடல் கடக்கத் தேவையில்லை.

1871இல் வெள்ளை ஆட்சி ‘குற்றப் பரம்பரைச் சட்டம்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. 1911இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தது. தனி மனிதன் செய்த குற்றத்துக்குத் தண்டனை என்பது போய், ஒரு சமூகத்தையே ‘ஒழுக்கம் கெட்டது’ என்று ஏட்டிலே எழுதினார்கள். தாயின் வயிற்றிலிருந்து பிறக்கும்போதே குழந்தை குற்றவாளி! கைரேகை பதியவேண்டும், இரவிலே காவலர் கண்காணிப்பில் இருக்கவேண்டும். அந்தப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3ஆம் நாள் சுட்டார்கள். 16 பேர் மாண்டார்கள். ஒழுக்கத்தை அளக்கும் கோலை அரசு எடுத்தபோது, அந்தக் கோல் துப்பாக்கியாக மாறியது, தோழர்களே! அந்தச் சட்டத்தைச் சென்னை மாகாணத்தில் ஒழிப்பதற்கு 1947 வரை போராட வேண்டியிருந்தது.

குடியுரிமையிலே இதே கோல் என்ன செய்தது? ஜெர்மனியிலே ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆறு மாதத்துக்குள், 1933 ஜூலை 14ஆம் நாள், ஒரு சட்டம் செய்தார்கள். 1918 நவம்பருக்கும் 1933 ஜனவரிக்கும் இடையே குடியுரிமை பெற்றவர்களில் ‘விரும்பத்தகாதவர்’ எவராயினும் அவர் குடியுரிமையைப் பறிக்கலாம் என்பது அந்தச் சட்டம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் மீதே அது பெரிதும் பாய்ந்தது. 1940 ஜூலையில் பிரான்சின் விஷி அரசும் அதே வழியிலே நடந்தது; 1927க்குப் பின் குடியுரிமை பெற்றோரின் ஏடுகளைப் புரட்டி, ஏறத்தாழ 15,000 பேரின் குடியுரிமையை நீக்கியது. முதலில் சான்றிதழ் போயிற்று. பிறகு வேலையும் வீடும் போயின. இறுதியில் பலருக்கு உயிரே போயிற்று.

இந்தியர் வரலாற்றிலும் இந்தக் கண்ணீர் உண்டு. வைஷ்ணோதாஸ் பகாய் என்பவர் 1915இல் மனைவி மக்களோடு அமெரிக்கா சென்றவர். சான்பிரான்சிஸ்கோ நகரில் கடை வைத்து வாழ்ந்தவர். 1921இல் அந்நாட்டுக் குடிமகனானவர். 1923இல் பகத்சிங் திந்த் என்பவரின் வழக்கிலே, ‘இந்தியர் வெள்ளையரல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர்’ என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே பெற்றவர்களிடமிருந்தும் பறிக்கத் தொடங்கினார்கள். பகாயின் குடியுரிமையும் போயிற்று. தாயகத்தைப் பார்த்து வர விரும்பியபோது, ‘பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வாங்கிக்கொள்ளும்’ என்றார்கள். எந்த ஆட்சியை வெறுத்துப் புறப்பட்டாரோ, அந்த ஆட்சியின் சீட்டை! 1928இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் செய்த குற்றம் என்ன? குற்றமே இல்லை. ‘தகுதி’ என்ற சொல்லுக்கு ஆள்வோர் கொடுத்த பொருள் மாறிற்று, அவ்வளவுதான்.

அதே நாட்டிலே எதிர்க்குரலும் எழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஷ்னைடர்மன் என்ற பொதுவுடைமைக் கட்சிக்காரர் 1927இல் குடியுரிமை பெற்றவர். பிற்பாடு, அவர் கொள்கை நாட்டின் அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று கூறி, அதைப் பறிக்க வழக்குத் தொடுத்தது அரசு. அவருக்காக உச்சநீதிமன்றத்திலே கட்டணமின்றி வாதாடியவர் யார் தெரியுமா? வெண்டல் வில்கி. 1940ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலிலே குடியரசுக் கட்சியின் வேட்பாளராக நின்றவர். பெருந்தொழில் முதலாளிகளின் நண்பர். பொதுவுடைமைக்கு முற்றும் மாறானவர். 1943இல் ஷ்னைடர்மன் வென்றார். தெளிவான, ஐயத்துக்கிடமற்ற, உறுதியான சான்று இல்லாமல் குடியுரிமையைப் பறிக்கக்கூடாது என்ற நெறி அங்கே நிலைபெற்றது. மாற்றானின் உரிமைக்காக வாதாடுகிறவனே உரிமையின் உண்மைத் தோழன்.

இனி, இந்தச் செங்கல்பட்டுக்கு வருகிறேன். 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாட்களில், முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது இந்த ஊரிலேதான். பிறப்பினாலே உயர்வு தாழ்வு கற்பிப்பதை அந்த மாநாடு மறுத்தது. பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்றது. பெயருக்குப் பின்னே வால்போல் தொங்கிய சாதிப்பட்டத்தை அறுத்தெறியச் சொன்னது. அந்த ஊர் மண்ணிலே நின்றுகொண்டு கேட்கிறேன். இரண்டு பேர் ஒரே திருட்டைச் செய்கிறார்கள். ஒருவன் இங்கே பிறந்தவன். மற்றவன் மூன்றாண்டுக்கு முன் குடியுரிமை பெற்றவன். இருவருக்கும் இரண்டாண்டுச் சிறை. தண்டனை முடிந்ததும் முன்னவன் வீட்டுக்குப் போகலாம். பின்னவனுக்கோ வீடே இல்லாமற் போகலாம், நாடே இல்லாமற் போகலாம். ஒரே குற்றம், இரண்டு தண்டனை! வேறுபாட்டுக்குக் காரணம் யாது? பிறந்த இடம்! பிறப்பைக் கொண்டு தண்டனையை மாற்றுவதுதானே பழைய தருமநூல்களின் நீதி? சாதியின் பெயரால் அதை எதிர்த்த நாம், சான்றிதழின் பெயரால் வந்தால் ஏற்கலாமா?

பறிக்கப்பட்டவன் எங்கே போவான் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இங்கே குடிமகனாக விரும்புபவன் பழைய உரிமையைத் துறந்தாக வேண்டும். வந்த படகை எரித்துவிட்டு வா என்று சொல்லிக் கரையேற்றுகிறோம். பிறகு, கரையை விட்டுப் போ என்கிறோம். படகில்லாதவன் கடலிலேதானே விழவேண்டும்? நாடற்றோர் தொகையைக் குறைப்பதற்காக 1961இல் உலக நாடுகள் செய்த உடன்படிக்கையிலே இந்தியா சேரவில்லை. குடியுரிமையைப் பறித்தால் அவன் நாடற்றவனாவானே, அப்போது பறிக்கக்கூடாது என்ற காப்பும் நம் சட்டத்தின் பத்தாம் பிரிவிலே இல்லை.

நாடற்றவன் என்ற சொல்லின் பொருளைத் தமிழனுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948இல் இலங்கை அரசு செய்த குடியுரிமைச் சட்டம், குடிமக்களை வழிவழி வந்தோர் என்றும் பதிவால் வந்தோர் என்றும் இரு வகையாக்கியது. தேயிலைத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழர் பல இலட்சம் பேர் நாடற்றோர் ஆனார்கள். 1949இல் செய்த சட்டம், பதிவு பெறுவதற்கு வாழ்ந்த ஆண்டுகளுக்கும் வருவாய்க்கும் சான்று கேட்டது. லயன் அறையிலே வாழ்ந்தவனிடம் ஏது சான்று? 1947 தேர்தலிலே அவர்களுடைய இலங்கை இந்தியர் காங்கிரசுக்கு ஏழு இடங்கள் கிடைத்தன. 1952 தேர்தலிலே ஓரிடமும் இல்லை. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 9,75,000 மனித உயிர்களைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று! மிச்சப்பட்டோரை 1974இல் பாதிப்பாதியாகப் பகிர்ந்தார்கள். எண்ணெய்ச் செக்கில் அளப்பதுபோல மனிதரை அளந்தார்கள்.

1983க்குப் பின், போரிலிருந்து தப்பிக் கடல் கடந்து தமிழ்நாடு வந்த இலங்கைத் தமிழர்கள் இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட மறுவாழ்வு முகாம்களில் வாழ்கிறார்கள். முகாமிலேயே பிறந்த பிள்ளைகள், தாங்களும் பெற்றோர்களாகிவிட்டார்கள். 2019இல் செய்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. குடியுரிமை இல்லாதவன் நிலை என்ன என்பதை இதே செங்கல்பட்டு கண்டிருக்கிறது. இங்கே பல ஆண்டுகள் ஒரு ‘சிறப்பு முகாம்’ இயங்கியது. நீதிமன்றம் பிணையில் விடுவித்தவர்களையும்கூட, அந்நாளைய வெளிநாட்டார் சட்டத்தின்படி அங்கே அடைத்தார்கள். நீதிபதி ‘போ’ என்றார். அதிகாரி ‘நில்’ என்றார்! உண்ணாமல் கிடந்து போராடினார்கள் அந்த மனிதர்கள். குடிமகனாக இருந்திருந்தால், குற்றம் சாட்டலாம், வழக்கு நடத்தலாம், தண்டிக்கலாம்; ஆனால் வெளிநாட்டார் சட்டத்தின்படி இப்படி அடைத்துவைக்க முடிந்திராது.

இந்தத் தமிழர்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று நாம் கேட்கிறோம். கேட்போம், பெறும்வரை கேட்போம். ஆனால், அவர்கள் பெறப்போகும் குடியுரிமை எத்தகையது என்பதையும் இன்றே எண்ண வேண்டும். பதிவாலோ விண்ணப்பத்தாலோதான் அவர்கள் அதைப் பெற முடியும். பெற்ற மறுநாள் முதல் பத்தாம் பிரிவு அவர்கள் தலைமேல் தொங்கும். போர்க்காலத்தில் உயிருக்கு அஞ்சி ஓடிவந்தபோது கொடுத்த பெயரிலே ஓர் எழுத்து மாறியிருந்தால், ‘மறைத்தாய்’ என்னலாம். மேடையேறி அரசை எதிர்த்துப் பேசினால், ‘பற்றில்லை’ என்னலாம். அஞ்சி அஞ்சி வாழும் குடிமகன் வாக்களிப்பான், வாய் திறக்கமாட்டான். அப்படிப்பட்ட ஊமைக் குடியுரிமைக்காகவா நாம் போராடுவது?

ஆகவே நம் கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். முதலாவது, குடியுரிமையை நீக்கும் அதிகாரம் அமைச்சகத்தின் கையில் இருக்கலாகாது. நீதிமன்றத்தின் கையிலே இருக்கவேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையதாக இருக்கவேண்டும். இரண்டாவது, உண்மையைச் சொல்லியிருந்தால் குடியுரிமையே கிடைத்திராது என்னும் அளவுக்குப் பெரிய மோசடிக்கு மட்டுமே நீக்கம். அதற்கும் காலவரம்பு வேண்டும். மூன்றாவது, குற்றம் செய்த குடிமகனுக்குக் குற்றவியல் சட்டத்தின் தண்டனை போதும். ஒழுக்கத்தின் பெயராலோ, பேசிய பேச்சின் பெயராலோ, பெற்ற சிறைத் தண்டனையின் பெயராலோ பறித்தல் கூடாது. நான்காவது, எந்த மனிதனையும் நாடற்றவனாக்கும் ஆணை செல்லலாகாது.

‘கெட்டவனை வைத்துக்கொண்டு நாடு என்ன செய்யும்?’ என்பார்கள். வீட்டிலே பிறந்த பிள்ளை கெட்டுப்போனால் என்ன செய்கிறோமோ, அதையே செய்யும். கண்டிக்கும், தண்டிக்கும், திருத்தும். தத்தெடுத்த பிள்ளை தவறு செய்தால் மட்டும், ‘நீ என் பிள்ளையே அல்ல’ என்று தெருவிலே தள்ளுகிற தாயை உலகம் தாய் என்று சொல்லுமா?

இங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியே போனால் மாமல்லபுரம். அங்கே கடற்கரை மணலிலே பிள்ளைகள் பெயரெழுதி விளையாடுகிறார்கள். அலை வருகிறது, அழித்துவிட்டுப் போகிறது. சற்றுத் தள்ளி, பல்லவர் காலத்துக் கல்லிலே எழுதிய எழுத்து, ஏறத்தாழ 1300 ஆண்டு உப்புக்காற்றைத் தாங்கி நிற்கிறது. இங்கே பிறந்த நமக்குக் குடியுரிமை கல்லிலே எழுதப்பட்டிருக்கிறது. நம்மை நம்பி வந்தவருக்கு மணலிலே எழுதியிருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே கல்லிலே எழுதச் செய்வது நம் பணி. அடுத்த வாரம் முதல், ஒவ்வொரு கிளையிலும் இந்தச் சட்டத்தின் பத்தாம் பிரிவை எடுத்துப் படியுங்கள். அருகிலே முகாம் இருந்தால் அங்கே செல்லுங்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் கையிலே இருக்கும் தாள்களை ஒழுங்குபடுத்த உதவுங்கள். ஊர் மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.